பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள்

தமிழ் சினிமாவில் பிடித்த நடிகர்கள் யார், அவர்கள் நடித்ததிலேயே எதை உச்சம் என்பீர்கள் என்பது கேள்வி. இதற்கு எல்லோர் வாயிலும் முதலில் வருவது பராசக்தியின் நீதிமன்றக் காட்சி. அடுத்து நாயகன், அடுத்து பாட்ஷா. இவற்றோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் என் பட்டியல் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேர் இருக்கும் காட்சியில் பேசுகிறவரைத்தான் நாம் பார்க்கிறோம். ஒருமுறை மாற்றிப் பாருங்கள்: பேசாமல் நிற்கிறவரையே கவனியுங்கள். பேசுகிறவருக்கு வசனகர்த்தா துணை இருக்கிறார். குரலில் ஏதாவது குறை இருந்தால் டப்பிங்கில் சரி செய்துகொள்ளலாம். கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு அப்படி ஒரு துணையும் கிடையாது. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஒத்திகையில் நாலு தடவை கேட்டிருப்பார். ஆனாலும் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பது போல முகம் மாற வேண்டும். சுமாரான நடிகர்கள் இந்த இடத்தில் தங்கள் வசனம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நிற்பார்கள். அது கண்ணிலேயே தெரிந்துவிடும். நான் நடிகர்களை எடைபோடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

அதனால் என் முதல் பெயர் டி.எஸ். பாலையா. 1936-இல் வெளிவந்த சதிலீலாவதியில் வில்லனாக அறிமுகமானவர். எம்.ஜி.ஆர். சின்ன வேடத்தில் முதன்முதலாகத் தலைகாட்டியதும் அதே படம்தான், இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் பாலையா பணக்கார அப்பா விஸ்வநாதன். மகன் செல்லப்பாவாக நாகேஷ். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு பட கம்பெனியைத் தானே தொடங்கிவிட்டு அலைகிற பிள்ளை. அவன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. கதவு கிரீச்சிடுவது, காலடிச் சத்தம் என்று எல்லாவற்றையும் நாகேஷே வாயால் போட்டுக்காட்டுவார்.

அந்தக் காட்சி என்றாலே நாகேஷைத்தான் பேசுவோம். பேச வேண்டியதுதான், அப்படி ஒரு வேகம். ஆனால் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பாலையா ஆரம்பத்தில் 'இந்தப் பையன் என்னத்தைக் கிழிக்கப் போகிறான்' என்ற அலட்சியத்தோடுதான் இருப்பார். கதை நகர நகர அந்த அலட்சியம் எப்போது போனது என்று நமக்கே தெரியாது. முதலில் கண் மட்டும் ஓரமாக நகரும், கழுத்து திரும்பாது. திரும்பினால் பயந்துவிட்டோம் என்று மகனுக்குத் தெரிந்துவிடுமே! அடுத்து வாய் லேசாகத் திறக்கும். உடம்பு தன்னையறியாமல் ஒடுங்கும். கௌரவத்தையும் விடக்கூடாது, பயமும் தாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மனிதர் மாட்டிக்கொண்டு தவிப்பதைக் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் செய்வார். அவர் முகத்தை மறைத்துவிட்டு நாகேஷை மட்டும் பார்த்தால் அது நல்ல மிமிக்ரி. பாலையாவும் சேர்ந்தால்தான் அது காட்சி. அறுபது ஆண்டு கடந்தும் அது பழசாகாமல் இருப்பதற்குப் பாதிக்கு மேல் அவர்தான் காரணம் என்பேன்.

அடுத்த ஆண்டே வந்த திருவிளையாடலில் அதே மனிதர் ஹேமநாத பாகவதர். 'ஒரு நாள் போதுமா' என்று பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் பாண்டியன் சபையையே கலக்குவார். ஒவ்வொரு சங்கதிக்கும் அந்தத் தலை ஆடுவதிலும் கை எழும்புவதிலும் தெரிகிற திமிர் இருக்கிறதே, அடேயப்பா. ஆனால் நான் போற்றுவது அதற்குப் பிறகு வருவதை. விறகுவெட்டியாக வந்த சிவன் இரவில் திண்ணையில் உட்கார்ந்து பாடுவதைப் பாகவதர் கேட்கிறார். முதலில் தூக்கம் கெட்டுவிட்ட எரிச்சல். அப்புறம் ஒரு சந்தேகம். தன்னோடு போட்டிக்கு நிற்கும் பாணபத்திரர் இவனையே சீடனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று தெரியவரும்போது முகத்தில் ரத்தமே இல்லை. சபையில் பார்த்த கர்வம் அத்தனையும் வடிந்து, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற முடிவுக்கு அந்த மனிதர் வருவதை நாம் முகத்திலேயே படித்துவிடலாம்.

இப்போது சிவாஜி. சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜியாக நடித்து, பெரியார் வாயால் அந்தப் பெயரைப் பெற்றவர். 'ஓவர் ஆக்டிங்' என்று அவரைச் சொல்வது இன்றைக்கு ஒரு ஃபேஷன். மேடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கண்ணீர் தெரிய வேண்டும் என்று பழகிய உடம்பு அது. பராசக்தியிலும் (1952) வீரபாண்டிய கட்டபொம்மனிலும் (1959) அந்த அளவுதான் படத்துக்கே பொருத்தம். கட்டபொம்மனுக்காகக் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். வெள்ளைக்காரத் துரையிடம் மெதுவாகப் பேசுகிற கட்டபொம்மனை யார் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்?

அவர் எவ்வளவு அடக்கக்கூடியவர் என்று பார்க்க வேண்டுமானால் தில்லானா மோகனாம்பாள் (1968). கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம். நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம் விஷக்கத்தி பட்டுப் பிழைத்துவந்து மறுபடி கச்சேரிக்கு உட்காருகிறார். எதிரே பத்மினி ஆடிக்கொண்டே 'நலந்தானா' என்று கேட்கிறாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, வாயில் நாதஸ்வரத்தின் சீவாளி இருக்கிறது. பதில் சொல்லவே முடியாத நிலைமை. வாய்ப்பேச்சுக்குப் பெயர்போன ஒரு நடிகருக்கு வாயையே அடைத்துவிட்டார் நாகராஜன்! மிச்சம் இருப்பது கண்ணும் கன்னமும் விரலும்தான். வாசிப்பு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் கன்னம் உப்புவதும் அடங்குவதும், மூச்சு எடுக்கும் இடத்தில் தோள் ஏறுவதும் வாசிப்போடு இழைந்து போகும். அத்தனை வேலைக்கும் நடுவில் கண் நிறைந்துகொண்டே வரும். துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையும் வாத்தியத்தில். 'நன்றாக இருக்கிறேன்' என்பதைப் புருவத்தை வைத்தே சொல்ல வேண்டும், சொல்வார்.

அதே ஃப்ரேமின் ஓரத்தில் தவிலோடு உட்கார்ந்திருக்கிறார் பாலையா. அங்கேயும் அவரைத் தவறவிடாதீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் போல, வாசித்துக்கொண்டே கலங்குவார்.

சிவாஜியின் உச்சம் எனக்கு முதல் மரியாதை (1985). இதைச் சொன்னால் பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. பாரதிராஜா அவரிடமிருந்து உரத்த குரலை வாங்கி வைத்துவிட்டார். மலைச்சாமி ஊருக்குப் பெரிய மனிதர், வீட்டுக்குள் பொன்னாத்தாளிடம் வாய் திறக்க முடியாதவர். வடிவுக்கரசி வெளுத்து வாங்கிக்கொண்டே இருப்பார். சிவாஜி கேட்டுக்கொண்டிருப்பார். எதிர்த்துப் பேச முடியாதவரின் கேட்பு வேறு, பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டவரின் கேட்பு வேறு. இவர் இரண்டாவது ரகம் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே நிறுவிவிடுவார். அந்தக் கல்யாணத்தின் பின்கதை பின்னால் வெளிவரும்போது 'அட, அதனால்தானா' என்று நமக்கு அத்தனையும் பொருந்திப்போகும்.

அந்தப் படத்தில் இளவட்டக்கல் காட்சி. கல்லைத் தூக்கினால் கட்டிக்கொள்கிறேன் என்று குயில் (ராதா) விளையாட்டாகச் சொன்ன பேச்சு அவர் மனதில் எங்கோ உட்கார்ந்துவிட்டது. யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, வயதான அந்த மனிதர் கல்லைச் சுற்றிவந்து பார்க்கிறார். தூக்கிப் பார்ப்போமே என்று தோன்றுகிறது. தூக்கியும் விடுகிறார். ஒளிந்திருந்து குயில் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அந்த முகத்தில் வருகிற வெட்கம்! வீரத்தைச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட திருடனைப் போல நிற்பார். நவராத்திரியில் ஒன்பது வேடம் போட்டவர்தான், ஒன்பது வேடத்திலும் இந்த வெட்கத்துக்கு ஈடு ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

எம்.ஜி.ஆரை நடிப்புக்காக யாரும் குறிப்பிடுவதில்லை. அவர் ரசிகர்களே கூடத் தலைவர் என்றுதான் பேசுவார்களே தவிர நடிகர் என்று பேசுவது அபூர்வம். எங்க வீட்டுப் பிள்ளையில் (1965) அவருக்கு இரட்டை வேடம்; சாட்டையோடு வருகிற இளங்கோவை விட்டுவிட்டு, நம்பியாருக்கு நடுங்குகிற ராமுவை மட்டும் ஒரு தடவை பாருங்கள். தோளைக் குறுக்கி, கண்ணைத் தாழ்த்தி, அடி விழுமோ என்று எதிர்பார்த்தே நடக்கிற உடம்பு. திரையில் யாருக்கும் பணியாத ஒரு மனிதருக்குப் பயப்படவும் தெரிந்திருக்கிறது. அதை இன்னும் நாலு படத்தில் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் ரசிகர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

எஸ்.வி. ரங்காராவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். படிக்காத மேதையில் (1960) சீர்காழி குரலில் பாரதியின் 'எங்கிருந்தோ வந்தான்' ஒலிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் இங்கே அவரைக் கொண்டுவந்தது சாவித்திரிக்காக. மாயா பஜார் (1957), தெலுங்கிலும் தமிழிலும் கே.வி. ரெட்டி எடுத்தது. ரங்காராவ் கடோத்கஜன். கல்யாணத்தைக் கெடுப்பதற்காகச் சசிரேகாவின் (தமிழில் வத்சலா) உருவத்தை எடுத்துக்கொண்டு மாளிகைக்குள் நுழைகிறான். ஆக, சாவித்திரி நடிக்க வேண்டியது சசிரேகாவை இல்லை, சசிரேகாவாக நடிக்கிற கடோத்கஜனை. அதிலும் ரங்காராவ் என்ற குறிப்பிட்ட நடிகரின் கடோத்கஜனை. நளினமாக அடியெடுத்து வைத்துக்கொண்டே வருவார், நடுவில் ஒரு அடி மட்டும் கனமாக விழும். வெட்கப்பட்டுச் சிரிப்பார், சிரிப்பின் வால் ராட்சசனுடையதாக இருக்கும். சட்டென்று சுதாரித்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்துவார். அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். தமிழில் எத்தனையோ இரட்டை வேடம் வந்தாயிற்று; ஒரே உடம்புக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேரை இப்படிக் காட்டியவர்கள் அதிகம் இல்லை. சாவித்திரி என்றதும் பாசமலரைச் சொல்லி அழுகிறவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒருவர் உண்டு: எம்.ஆர். ராதா. ரத்தக்கண்ணீரில் (1954) அவர் யாரையும் கேட்கவே மாட்டார். எதிரில் இருப்பவர் ஒரு வரி முடிப்பதற்குள் இவர் மூன்று வரி பேசிவிடுவார், குரல் மேலே போய்க் கீழே விழுந்து மறுபடி மேலே போகும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மோகனசுந்தரத்தின் ஆணவத்துக்கு அது சரி. நோய் வந்து கண் போய்த் தெருவுக்கு வந்த பிறகும் அதே வாய், அதே நக்கல். உடம்பு அழுகிவிட்டது, திமிர் மட்டும் அழுகவில்லை என்பதுதான் அந்தப் பாத்திரமே. மேடையில் ஆண்டுக்கணக்கில் நடித்து ஊறிய வேடம் அது. அளவுகோல் தோற்றுப்போகிற இடத்தில் அளவுகோலைத்தான் கீழே போட வேண்டும்.

நாகேஷுக்கு வருகிறேன். சர்வர் சுந்தரம், எதிர்நீச்சல், திருவிளையாடலின் தருமி, தில்லானா மோகனாம்பாளின் வைத்தி என்று வரிசையாக அடுக்கலாம், எல்லாமே நியாயம்தான். தருமி மண்டபத்தில் தனியாகப் புலம்புகிற இடத்தில் எதிரில் ஆளே கிடையாது. சிவன் வருவாரா மாட்டாரா என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லி, தன் பதிலைத் தானே நம்பாமல் ஒரு நடை நடப்பார். என் தேர்வு இவை எதுவும் இல்லை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய மகளிர் மட்டும் (1994). அதில் நாகேஷ் பிணம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் முதலாளி செத்துவிட்டார் என்று நினைத்து வேறு யாருடைய பிணத்தையோ தூக்கிக்கொண்டு அலைவார்கள். மூச்சு தெரியக்கூடாது, இமை அசையக்கூடாது, ஆனால் சாய்க்கிற பக்கமெல்லாம் சாய வேண்டும். கை கால் விறைப்பாகவும் இல்லாமல் உயிருள்ளவன் கை போலவும் இல்லாமல் விழ வேண்டும். பிணத்துக்கு டைமிங் உண்டா என்று கேட்டால் அந்தப் படத்தைப் போட்டுக்காட்டுங்கள். அதே ஆண்டு வந்த நம்மவர் படத்துக்காக அவருக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அதில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். பிணமாக நடித்துச் சிரிக்க வைத்தவர், உயிரோடு இருக்கும் தகப்பனாக நடித்து நெஞ்சை உலுக்கினார்.

ரஜினிக்கு முள்ளும் மலரும் (1978). இதில் பெரும்பாலோர் என்னோடு ஒத்துப்போவார்கள் என்று நினைக்கிறேன். மகேந்திரனின் முதல் படம், ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குகிற காளி. முரடன், பாசக்காரன், புதிதாக வந்த இன்ஜினியரைக் கண்டாலே ஆகாது. 'கெட்ட பய சார் இந்தக் காளி' என்கிற வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வசனத்தில் இருப்பது ஸ்டைல். நடிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. லாரி ஏறிக் கையை இழந்துவிட்டு மருத்துவமனையிலிருந்து காளி வீடு திரும்புகிறான். தங்கை வள்ளிக்கு விஷயம் தெரியாது. ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள், கை இருக்க வேண்டிய இடத்தில் கை இல்லை என்பது அவள் கைக்குத்தான் முதலில் தெரிகிறது. ஷோபா அங்கே உடைந்துபோவார். ரஜினியைப் பாருங்கள்: தன் இழப்புக்கு அழவில்லை, அவள் கண்டுபிடித்துவிட்டாளே என்று ஒரு சங்கடம். அவ்வளவுதான். இளையராஜாவும் மகேந்திரனும் அந்த இடத்தை அலறவிடாமல் காப்பாற்றினார்கள்.

கடைசிக் காட்சியும் அப்படித்தான். ஊரே திரண்டு வள்ளியை இன்ஜினியருக்குக் கட்டிவைக்க நடக்கிறது. அண்ணன் குறுக்கே நிற்கிறான். தங்கை எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் வந்துவிடுகிறாள். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஊரை விட நான்தான் பெரிது என்று அவள் காட்டிவிட்டாள். உடனே தானே அவளை அழைத்துப்போய் ஒப்படைக்கிறான். அப்போதும் இன்ஜினியரிடம் 'உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான்! பெருமை, தோல்வி, பிடிவாதம், பாசம் எல்லாம் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்துபோகும். இந்த ரஜினியைச் சூப்பர் ஸ்டார் விழுங்கிவிட்டார் என்று அங்கலாய்ப்பவர்களில் நானும் ஒருவன். ஆறிலிருந்து அறுபது வரை, ஜானி, தளபதி என்று அவ்வப்போது எட்டிப்பார்த்தார்.

கமலுக்கு மூன்று முறை சிறந்த நடிகருக்கான தேசிய விருது: மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன். மூன்றாம் பிறையின் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் வேறு எதற்கு? நாயகனில் மகனின் உடலைப் பார்த்து எழும் அந்த அழுகையை மிமிக்ரிக்காரர்கள் தேய்த்தே விட்டார்கள். ஆனாலும் மறுபடி படத்தோடு பார்த்தால் அடிவயிறு கலங்கத்தான் செய்கிறது. கமலிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தன் திறமை நமக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஒப்பனை, வட்டார வழக்கு, வித்தை என்று ஏதாவது ஒன்று 'பார்த்தாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த ஆசை சுத்தமாக இல்லாத படம் மகாநதி (1994), சந்தானபாரதி இயக்கியது. ஏமாற்றப்பட்டுச் சிறைக்குப் போய், குடும்பம் சிதறி, கடைசியில் கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியிலிருந்து மகளை மீட்டுக் கொண்டுவருகிறார் கிருஷ்ணசாமி. வீட்டுக்கு வந்தாயிற்று, ஆபத்து முடிந்தது என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில், அந்தப் பெண் தூக்கத்தில் உளறுகிறாள். அந்த இடத்தில் பேசவேண்டியிருந்த பேச்சு தூக்கத்தில் வாயில் வருகிறது. தகப்பன் அதைக் கேட்கிறான். அடிப்பதற்கு எதிரில் ஆள் இல்லை. அவளை எழுப்பவும் முடியாது, எழுப்பினால் அவள் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரிந்துவிடும். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் கேட்க மட்டுமே விதிக்கப்பட்ட ஒருவன். கமலின் அறுபத்துச் சொச்ச ஆண்டு நடிப்பில் இந்தக் காட்சிக்கு மேலே நான் எதையும் வைக்க மாட்டேன். அந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்க்கத் தெம்பு வேண்டும், அது வேறு விஷயம்.

தேவர் மகனில் (1992) சிவாஜியும் கமலும் எதிரெதிரே வருகிற காட்சிகளையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்க மாட்டேன் என்று மகன் பேசும்போது அப்பாவின் முகம். அதிலேயே எல்லாம் இருக்கிறது.

அடுத்து, பலருக்குப் பெயரே தெரியாத ஒருவர். சொக்கலிங்க பாகவதர். நாடக மேடையிலிருந்து வந்தவர். பாலு மகேந்திராவின் வீடு (1988) படத்தில் அர்ச்சனாவின் தாத்தா. சிறந்த நடிகைக்கான தேசிய விருது அர்ச்சனாவுக்குக் கிடைத்தது, முழுக்கத் தகும். சொந்த வீடு கட்டப் புறப்பட்ட நடுத்தர வர்க்கத்துப் பெண்ணின் மீது ஒவ்வொரு செங்கல்லும் எப்படி ஏறி உட்காருகிறது என்பதை அவர் தோளிலேயே பார்க்கலாம். ஆனால் படம் முடிந்து நம்மோடு வருகிறவர் தாத்தா. பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். பூச்சு இல்லாத சுவரைத் தடவிப் பார்க்கிறார், அறை அறையாக நுழைந்து வருகிறார். பின்னணியில் இளையராஜாவின் இசை மட்டும். ஒரு வரி வசனம் இல்லை. நடிக்கிறார் என்றே தோன்றாது, யாரோ ஒரு பெரியவரை அவருக்குத் தெரியாமல் படம் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றும். அடுத்து வந்த சந்தியா ராகத்தில் பாலு மகேந்திரா அவரையே நாயகனாக்கிவிட்டார். அவ்வளவு வயதான ஒருவரை மையமாக வைத்துப் படமெடுக்கிற துணிச்சல் இன்றைக்கும் அரிது.

ரகுவரனுக்கு எல்லோரும் 'ஐ நோ'வைச் சொல்வார்கள், புரியாத புதிர் (1990). ஒரே சொல்லை விதவிதமாகச் சொல்லிக்காட்டுவது கெட்டிக்காரத்தனம். அதைவிட முதல்வனின் (1999) பேட்டிக் காட்சி மேல். முதலமைச்சர் அரங்கநாதன், எதிரே கேள்வி கேட்கிற அர்ஜுன். தொடக்கத்தில் இந்தப் பொடியன் என்ன கேட்டுவிடப் போகிறான் என்ற சாய்வு. கேள்விகள் இறுக இறுக அந்தச் சிரிப்பு உதட்டிலேயே இருக்கும், கண்ணில் இருந்து மட்டும் போய்விடும். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காத ஒரு அரசியல்வாதியின் கோபம் அது, வெளியே விடவும் முடியாது, விழுங்கவும் முடியாது. நாம் நிஜப் பேட்டிகளில் பார்த்த முகங்கள் ஞாபகம் வரும்.

வடிவேலுவைப் பற்றிச் சொல்லாமல் எந்தத் தமிழ்ப் பட்டியலும் முடியாது. அவருடைய நகைச்சுவையை யோசித்துப் பார்த்தால், அவர் ஜோக் சொல்பவர் இல்லை, ஜோக் அவர் மேல்தான் விழும். ஃப்ரெண்ட்ஸ் (2001) படத்துக் காண்டிராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுகிற மாதிரி. அடி விழுந்ததற்கும் வலி மூளைக்கு எட்டுவதற்கும் நடுவில் ஒரு நொடி வைப்பார் பாருங்கள், அந்த நொடியில்தான் நாம் சிரிக்க ஆரம்பிக்கிறோம். வாங்கிக்கொள்வதில் இத்தனை ஆண்டு பழகிய முகத்தை மாரி செல்வராஜ் மாமன்னனில் (2023) எடுத்து வேறு இடத்தில் வைத்தார். எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஆதிக்கச் சாதிக்காரர் முன்னால் உட்காரத் தயங்குகிறவர் மாமன்னன். மகன் 'உட்காருங்கள்' என்கிறான், நாற்காலி இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நின்றே பழகிய முழங்கால் மடங்க மறுப்பதை வடிவேலு உடம்பாலேயே காட்டுவார். அந்தப் படத்தில் அவர் ஒரு இடத்திலும் சிரிக்க வைக்க முயலவில்லை. பார்ப்பவர்களும் சிரிக்கவில்லை, அத்தனை ஆண்டுப் பழக்கத்தையும் மீறி.

சமீபத்தவர்களில் சுருக்கமாக: பிதாமகனில் (2003) விக்ரம் கிட்டத்தட்டப் பேசாமலே தேசிய விருது வாங்கினார். காஞ்சிவரத்தில் பிரகாஷ்ராஜ், ஆடுகளத்திலும் அசுரனிலும் தனுஷ், விசாரணையில் சமுத்திரக்கனி, பருத்திவீரனில் பிரியாமணி. எல்லாமே விருதுக்குத் தகுதியானவைதான், அதில் சர்ச்சை இல்லை. சூப்பர் டீலக்ஸில் (2019) விஜய் சேதுபதி ஷில்பாவாக வீடு திரும்பி, மொத்தக் குடும்பமும் வாயடைத்து நிற்கும்போது, சின்னப் பையன் மட்டும் எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறானே, அவனைப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்குப் போதும்.

உயிரோடு இருப்பவர்களில் யார் முதலிடம் என்று கேட்டால் தயங்காமல் ஊர்வசி என்பேன். மைக்கேல் மதன காமராஜனில் (1990) திரிபுரசுந்தரி, மகளிர் மட்டுமில் பிணத்தோடு அல்லாடும் ஜானகி, அப்புறம் சூரரைப் போற்று (2020). அப்பா சாகக் கிடக்கிறார், மகனுக்கு விமான டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறான். அங்கே ஊர்வசியின் பேச்சியம்மாளுக்கு மகன் மேல் கோபம், அவன் நிலைமை தெரிந்த பரிவு, தன் துக்கம் என்று மூன்றும் ஒன்றாக வந்து முட்டுகின்றன. எது முதலில் வெளியே வரும் என்று அவருக்கே தெரியாதது போல வெடிப்பார். சூர்யாவுக்கு அந்தப் படத்தில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, அவரும் அந்தக் காட்சியில் பெரும்பாலும் செய்வது கேட்பதுதான். ஊர்வசி அளவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வருகிற நடிகரை மையமாக வைத்து தமிழில் வந்த படங்களை எண்ணிப்பாருங்கள், ஒரு கை விரல்களே அதிகம். அவருக்காக யாராவது ஒரு கதை எழுதட்டும், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருகிறேன்.